203 எங்கே?

முதலில் ஒன்று, இரண்டு, மூன்று என்றுதான் போட்டேன்.
இருபத்தேழு தாள்.
ரேஷன் கடை வரிசைபோல் ஒன்றையொன்று
இடித்துக்கொண்டு நின்றன.

களியக்காவிளை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
நேந்திரங்குலை ஏற்றும் லாரிகளின் சந்துக்கு மேல்மாடியில்
எங்கள் ஆபீஸ்.
கூப்பிடு தூரத்தில் இஞ்சிவிளை. அது கேரளம்.
அங்கேதான் எழும்புகிறது
டாக்டர் ஷைலஜத்தின் கண் ஆஸ்பத்திரி.

படிக்கட்டை வடக்கே தள்ளச் சொன்னார் டாக்டர்.
பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே
ஒரு தாள் நுழைய வேண்டும்.
11A என்றேன்.
லிஃப்ட் வந்தது. 11A-1.
லிஃப்டுக்கு ஒரு குழி வந்தது.
11A-1, புதியது.
ஒரு சனிக்கிழமை ராத்திரி வெட்கம் தாங்காமல்
எல்லா எண்ணையும் அழித்து
ஒன்றிலிருந்து முப்பதுவரை மறுபடி போட்டேன்.
அழகாக இருந்தது.

படத்துக்குள் சின்ன வட்டங்கள் உண்டு,
குறுக்கே ஒரு கோடு.
மேலே மூன்று, கீழே பதினாலு என்றால்
பதினாலாம் தாளைப் புரட்டு,
மூன்றாவது படத்தைப் பார்.
வட்டங்களை நான் மாற்றவில்லை.
குடிமாறிப் போனவர்களின் பழைய வீட்டுக்கே
அவை ஆளனுப்பிக்கொண்டிருந்தன.

ரசாலம் மேஸ்திரிக்குத் தமிழ்.
கம்பி கட்டும் பிஜுமோனுக்கு மலையாளம்.
வங்காளத்துப் பையன்களுக்கு இரண்டும் தெரியாது.
எல்லாரும் படிக்கிற ஒரே எழுத்து எண்.
அதைத்தான் நான் கெடுத்தேன்.

பழைய பதினாலு படிக்கட்டின் உத்திரம்.
புதிய பதினாலு லிஃப்ட் குழியின் சுவர்.
எண்பத்துநாலு கம்பி, பதினாறு எம்.எம்.,
குழிச்சுவரின் அளவுக்கு வெட்டப்பட்டு
செம்மண்ணில் கிடந்தன.
"வட்டம் சொன்ன எடத்துக்குத்தானே பிள்ளே போனேன்"
என்றார் ரசாலம்.
பிஜுமோன் கட்டன்சாயா நீட்டினான்.
எஞ்சினியர் ஸ்ரீகண்டன் திட்டவில்லை,
ராத்திரி தூங்கினாயா என்று கேட்டார்.
திட்டியிருக்கலாம்.

அந்த வாரம் முழுக்க எண்களோடு இருந்தேன்.
கட்டடத்துக்கு A, கம்பிக்கு S,
தண்ணீருக்கு P, கரண்டுக்கு E.
நூறுகளில் தரைப்படம்.
இருநூறுகளில் படியும் லிஃப்டும்.
முந்நூறுகளில் வெட்டுத்தோற்றம்.
வட்டங்கள் நூற்றுப்பன்னிரண்டு;
ஒவ்வொன்றாகத் தொட்டுத் திருத்தி
பேனாவால் டிக் அடித்தேன்.
ஒவ்வொரு நூறிலும்
வேண்டுமென்றே பல் விழுந்த இடங்கள் விட்டேன்.

தாள்கள் போய்ச் சேர்ந்த அன்றே போன்.
"பிள்ளே, 202 இருக்கு, 205 இருக்கு.
203 எங்க? பைக்கில வாறப்ப காத்தில போச்சா?"
"அது இன்னும் பொறக்கல்லண்ணே."
கலவை மிஷின் மட்டும் கொஞ்ச நேரம் பேசியது.
"அப்பம் 204?"
"அதும்தான்."
"ரெட்டையா?"

இடவப்பாதி மழை பிடித்தது.
சைட் ஷெட்டில் தொங்கிய அட்டவணைத் தாளில்
பிளாஸ்டிக் உறைக்குள்ளும் ஈரம் ஏறி
203-க்கு நேரே இருந்த வெறும் கட்டம்
தன்பாட்டில் ஒரு மஞ்சள் கறை வைத்துக்கொண்டது.

ஆடியில் டாக்டர் வந்தார்.
வார்ப்புப் பலகை பிரிக்காத படியில்
கண்ணை மூடிக்கொண்டு ஏறிப் பார்த்தார்.
மூன்றாவது படியில் நின்று சொன்னார்:
கட்டுப்போட்ட கண்ணோடு இறங்குகிறவர்
முதல் படியைக் காலால் தேடக் கூடாது,
கை முதலில் அறிய வேண்டும்.
கைப்பிடி படிக்கு ஒரு அடி முன்பே தொடங்கட்டும்.

அன்று மாலையே வரைந்தேன். S-203.
202 நகரவில்லை.
205-க்கு ஒன்றும் தெரியாது.
நூற்றுப்பன்னிரண்டு வட்டமும்
அதனதன் வீட்டைக் காட்டிக்கொண்டிருந்தன,
கூட ஒன்று, புதிதாக.

ரசாலத்துக்கு நான் தீர்க்கதரிசி என்று எண்ணம்.
இல்லை அண்ணே,
எனக்கு ஒன்றும் தெரியாது என்பது மட்டும்
தெரிந்திருந்தது என்று சொல்ல நினைத்தேன்.
அதற்குள் அவர் கேட்டுவிட்டார்:
"சரி, மத்தவன் எப்பம்?"